வடத்தில் ஒரு கை இடம்

வெஸ்ட்கேட்டில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில் செய்யப்படும் வீட்டு டயாலிசிஸ் இயந்திரத்தின் எடை பதினொரு கிலோ. ஆனால் அதை உருவாக்கியதில் பங்குள்ளவர்களில் ஒருவர் வராவிட்டாலும், அதைக் கிடங்கின் வாசலைத் தாண்டிக் கொண்டுபோக எவராலும் முடியாது. ஃபோர்க்லிஃப்டாலும் முடியாது. ஆக்லாந்தின் வடமேற்கில் இருக்கும் எங்களுக்கு இது பெட்ரோல் விலை மாதிரித் தெரிந்த சங்கதி. புதிதாக வீடு வாங்கி வருகிறவர்களுக்கு மட்டும், சில சனிக்கிழமைகளில் சாலையை ஏன் மறிக்கிறார்கள் என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால், அப்படியா என்று கேட்டுவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாகப் போகிறார்கள்.

புதிய இயந்திரம் கண்டுபிடிப்பதற்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு. சில நாடுகள் ஒரே பெரிய கம்பெனியாகப் பார்த்து நாட்டின் மானத்தையே அதன் தலையில் கட்டிவிட்டுக் காத்திருக்கும். சில நாடுகள் படித்தவர்களையெல்லாம் புதிதாக ஓர் ஊர் கட்டிக் குடியேற்றி, கேன்டீனில் நல்ல சாப்பாடு போட்டால் யோசனை தானாக வரும் என்று நம்பும். இன்னும் சில, பந்தயம் வைத்து ஜெயித்தவனுக்கு மாலை போடும். தோற்றவன் என்ன ஆனான் என்று விசாரிக்காது. நியூசிலாந்து சின்ன நாடு. இங்கே யாரைத் திட்டினாலும் அவர் யாருக்காவது மச்சானாக இருப்பார். ஆகவே தலைநகர் வெலிங்டனில் இருந்தவர்கள் தங்கள் அளவுக்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு கஷ்டத்தைத் தேர்ந்தெடுப்பது, அதற்காக எங்காவது ஒரு கூரை போடுவது, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்களையெல்லாம் அந்தக் கூரைக்குக் கீழே உட்கார வைப்பது. அதற்குத் தேசியக் கூட்டுப்பணி என்று பெயர் வைத்தார்கள். முதல் கூட்டுப்பணிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனவர்களின் கஷ்டம் தேர்வானது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் கிடக்காமல், வீட்டில் தூங்கும்போதே ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள, சூட்கேஸ் அளவில் ஓர் இயந்திரம் வேண்டும் என்றார்கள்.

வெஸ்ட்கேட் கூரைக்குக் கீழே வந்தவர்களைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்கு வழிதவறி வந்தவர்கள் மாதிரி இருக்கும். வைகாட்டோவிலிருந்து பால் கறக்கும் இயந்திரத்துக்குப் பம்ப் செய்கிற இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பேரும் வெகுகாலமாக ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள். குமேயுவிலிருந்து திராட்சை மதுவை வடிகட்டத் தெரிந்த ஓர் அம்மாள் வந்தார். ஹாப்சன்வில்லிலிருந்து, பந்தயப் படகுகளுக்கு எடையே இல்லாத உடம்பு வார்த்துக் கொடுக்கும் ஒருவர் வந்தார். பல்கலைக்கழகம் ஒரு பேராசிரியரை அனுப்பியது. சிறுநீரக வார்டிலேயே தலை நரைத்த ஹினே என்ற மாவோரிப் பூர்வகுடி நர்ஸ், தான் இல்லாமல் இவர்கள் என்ன செய்து கிழிப்பார்கள் என்று தானாகவே வந்து சேர்ந்தார். எந்த நாடும் தன் கையில் இருப்பதை வைத்துத்தான் இல்லாததைச் செய்ய முடியும். பாலும் மதுவும் படகும் இருந்த நாட்டில் சிறுநீரகமும் அங்கிருந்துதான் வர வேண்டியிருந்தது.

இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கும் வேலை அபர்ணாவுடையது. கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் பட்டறைகள் நிறைந்த தெருவில் பிறந்தவள் என்பதால் வைகாட்டோக்காரர்களின் பாஷை அவளுக்கு எளிதாகப் பிடிபட்டது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் காரம் குறைத்துச் சொல்வதில் கெட்டிக்காரி. அவளோடு கூடவே வேலைக்குச் சேர்ந்தவள் ரத்னா, திண்டுக்கல்காரி. இருவரும் மாணவர்களாக வந்த நாளில் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள். குளிர்காலத்தில் அந்த வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாக வரும். ஒரே வெந்நீர்ப் பையைப் பாதி ராத்திரி ஒருத்தியும் மீதி ராத்திரி இன்னொருத்தியுமாகக் கட்டிக்கொண்டு தூங்கியவர்கள். அவர்கள் சண்டை போடுவார்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம்.

நோயாளிகளின் தரப்புக்கு ஒருவர் வேண்டும் என்று, பக்கத்தில் மாசி என்ற ஊரிலிருந்து கதிர்காமநாதனை அழைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பல வருடம் பஸ் ஓட்டியவர், ஆறடிக்கு மேல் உயரம். சிறுநீரகம் போன பிறகு உடம்பு வற்றினாலும் உயரம் மட்டும் அப்படியே இருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் கிடங்குக்கு வந்து, பாதி செய்த இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வார். சத்தம் கூடிப் போச்சு, வெளிச்சம் கண்ணைக் குத்துது, மணி அடிக்கிறது தீயணைப்பு வண்டி மாதிரி இருக்குது என்பார். அவர் முகம் சுளித்த இடத்தையெல்லாம் மாற்றினார்கள். இந்த இயந்திரத்திடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று பேராசிரியர் முதல் நாளே கேட்டபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "கௌரியோட ஆறுதலா இருந்து இராச்சாப்பாடு சாப்பிடோணும்." பேராசிரியர் அதை வாழ்க்கைத் தரம் என்று குறித்துக்கொண்டார்.

அது வாழ்க்கைத் தரம் அல்ல, நிஜமாகவே இராச்சாப்பாடு. திங்கள், புதன், வெள்ளி அவருக்கு ஆஸ்பத்திரி. அவர் மனைவி கௌரி காரில் கொண்டுபோய், காத்திருந்து, கூட்டி வருவார். வீட்டுக்கு வரும்போது அவருக்குக் குமட்டலும் களைப்புமாக இருக்கும். சோற்றைப் பார்த்தாலே ஆகாது, அப்படியே படுத்துவிடுவார். மற்ற நாட்களில் அவருக்குப் பசிக்கும், ஆனால் கௌரிக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மூடிவைத்த தட்டுகள் வழியாகவே குடித்தனம் நடத்தினார்கள். அவர் சாப்பிட்ட தட்டைப் பார்த்து கௌரி அவருடைய உடம்பு எப்படி என்று தெரிந்துகொள்வார். மகள் லோஜனா சிட்னியிலிருந்து போன் செய்தால் இரண்டு பேருடனும் தனித்தனியாகப் பேச வேண்டியிருந்தது.

அபர்ணாவுக்கும் ரத்னாவுக்கும் சண்டை இப்படி வந்தது. டயாலிசிஸுக்குக் குளம் குளமாகத் தண்ணீர் வேண்டும்; வீட்டுக் குழாய் தாங்காது. ஒரு பைக்குள் ஒருவகைத் தூளை வைத்து, அழுக்கான தண்ணீரை அதன் வழியாக விட்டு அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றாள் ரத்னா. ஒரு வருடம் அந்தப் பையோடு மல்லுக்கட்டினாள். வெலிங்டன் அதிகாரிகள் பார்க்க வந்த அன்று பை வெடித்தது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் மேல் சந்தனம் தெளித்தது போல எல்லோர் கோட்டிலும் வெள்ளைக் குழம்பு. வெலிங்டனில் அப்போது ஒரு வழக்கம்: அடுத்த வருடமும் கூரை வேண்டுமென்றால், அறிக்கையில் போன வருடக் கதை பிசகில்லாமல் நேர்கோட்டில் போக வேண்டும். வெடித்த பைக்கு அந்தக் கதையில் இடமில்லை. அபர்ணா ரத்னாவின் பங்கைக் கதையிலிருந்து எடுத்துவிட்டாள். ரத்னாவிடம் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. கூட்டத்தில் எல்லோர் எதிரிலும்தான் ரத்னாவுக்குத் தெரிந்தது. அவள் எழுந்து போனாள். பிறகு நகரத்தில் ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து, மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து ரயிலில் போய்வந்தாள்.

அவள் எழுந்து போன அன்று அபர்ணாவுக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். அந்த மூன்றடுக்கு டிபன் கேரியர் அபர்ணாவிடமே தங்கிவிட்டது. திண்டுக்கல் பாத்திரக்கடையில் வாங்கியபோதே மூடியில் ரத்னா என்று பெயர் வெட்டியிருந்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது நம் வழக்கம் இல்லை. எதையாவது போட்டுக் கொடுக்கவோ அபர்ணாவுக்கு முகமில்லை. மூன்று வருடம் அது அவள் சமையலறையில் மேல்தட்டில் இருந்தது. வெடித்த பையின் கிழிசலைப் பார்த்துத்தான் எந்த இடம் தாங்க வேண்டும் என்று மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். பை போய்க் குப்பி ஆனது, குப்பிக்கு மதுக்காரம்மாவின் வடிதாள் பொருந்தியது, ஒரு நாள் இயந்திரம் ஓடியது. எல்லாத் தேர்விலும் தேறியது.

திறப்பு விழா அன்று அதிகாரிகள் கைதட்டக் காத்திருக்க, அபர்ணா ஒரு கையால் இயந்திரத்தைத் தூக்கிக் காட்டப் போனாள். அது மேசையை விட்டு எழும்பவில்லை. படகுக்காரர் முயன்றார், வைகாட்டோக்காரர்கள் தனித்தனியாக முயன்றார்கள். ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுவந்தபோது அதன் பின்சக்கரங்கள்தான் தூக்கிக்கொண்டன. மேசையின் கீழேயே தராசு இருந்தது. பதினொரு கிலோ என்று காட்டியபடியே இருந்தது. பேராசிரியர் தராசை மாற்றினார். அதுவும் பதினொன்றுதான். வெலிங்டனிலிருந்து ஒரு துணைக்குழு வந்து பார்த்து, இயந்திரம் இலேசானது, ஆனால் தூக்க முடியாதது என்று முடிவு சொல்லிவிட்டு மதிய விமானத்தில் திரும்பியது. கிடங்கிலேயே கட்டில் போட்டு அங்கே செய்துகொள்ளலாமே என்று கதிர்காமநாதனிடம் கேட்டார்கள். அப்படியெண்டால் அது இன்னொரு வார்டுதானே என்று அவர் மறுத்துவிட்டார். அவர் வீடு அங்கிருந்து பஸ்ஸில் பத்து நிமிட தூரம்கூட இல்லை.

விடை தேநீர் வேளையில் கிடைத்தது. வைகாட்டோக்காரர்கள் இருவரும், மதுக்காரம்மாவும், படகுக்காரரும் இது யாருடைய பிழை என்று சண்டை பிடித்தபடி நாலு பக்கமும் இயந்திரத்தின்மேல் கையூன்றிக்கொண்டு நின்றார்கள். அது ஒரு விரற்கடை நகர்ந்தது. கதிர்காமநாதன் மட்டும் ஆச்சரியப்படவில்லை. "எங்கட ஊரிலையும் ஒருக்கால் இப்பிடித்தான்," என்றார். "தெற்குத் தெரு ஆக்கள் கோவிச்சுக்கொண்டு வடம் பிடிக்க வரேல்லை. தேர் அசையேல்லை. போய்க் கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான் வெளிக்கிட்டது." அதற்குப் பிறகு நடந்ததை அதிகமாக விவரிக்க வேண்டியதில்லை. பங்குள்ளவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கை பட்டபோதும் இயந்திரம் கொஞ்சம் இலேசானது. வழக்கு நடத்திய இரண்டு பேரும் தோளோடு தோள் நிற்க வேண்டியதாகி, நிற்பதற்கு வசதியாக வழக்கை விட்டுவிட்டார்கள். வெலிங்டனில் அனுமதி கொடுத்த அதிகாரி கையை வைத்ததும் இலேசானபோது, வெலிங்டன்காரர்களும் ஏதோ செய்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பம்பை முதன்முதலில் சோதித்த பசுவையும் வைகாட்டோவிலிருந்து லாரியில் கொண்டுவந்தார்கள். அது மூக்கால் முகர்ந்ததும் இயந்திரம் நன்றாகவே எழும்பியது. இத்தனை கைகளுக்கு அதன்மேல் இடம் போதாது என்று கதிர்காமநாதன் சொல்ல, படகுக்காரர் பாய்மரக் கயிறு கொண்டுவந்து கட்டினார். கயிற்றைப் பிடித்தாலும் போதும் என்று தெரிந்தது. அன்றிலிருந்து தமிழ் தெரியாதவர்களும் அதை வடம் என்றே சொல்கிறார்கள்.

அப்படியும் அது கிடங்கின் வாசல் வரைதான் வந்தது. முழங்கால் உயரத்தில் மிதந்து வந்து, வாசலில் பொத்தென்று இறங்கி உட்கார்ந்துவிடும். இன்னும் யாரோ வரவில்லை. யாராக இருக்கும் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அபர்ணா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டு வாயைத் திறக்காமல் நாட்களை ஓட்டினாள், ஆகஸ்ட் வரை.

ஆகஸ்டில், இங்கே குளிர்காலம் முடியும் நேரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை கதிர்காமநாதன் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து அவளிடம் பேசினார்.

"பிள்ளை, ஒண்டு சொல்லுறன், கௌரியிட்டச் சொல்லிப் போடாதேங்கோ. இந்த விண்டரோட நான் டயாலிசிஸை நிப்பாட்டப் போறன். டாக்குத்தரிட்டையும் கதைச்சிட்டன்."

அதை நிறுத்தினால் இரண்டு வாரம்கூடத் தாங்காது என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அப்படிச் சொல்லாதீங்க அங்கிள். மெஷின் ரெடியா இருக்கு."

"ரெடியாத்தான் இருக்குது. அது வெஸ்ட்கேட்டில, நான் மாசியில. அவளும் எத்தினை காலம் அந்த வார்டு வாசல்ல குந்திக்கொண்டிருக்கிறது. எனக்குக் களைச்சுப் போச்சு பிள்ளை."

அந்த ஞாயிற்றுக்கிழமை அபர்ணா மேல்தட்டிலிருந்து டிபன் கேரியரை எடுத்துக் கழுவினாள். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம் என்று மூன்றடுக்கும் நிரப்பினாள். மவுண்ட் ஆல்பர்ட்டில் அதே மரவீடுதான். ரத்னா இப்போது முழுவீட்டையும் எடுத்திருந்தாள். கதவைத் திறந்தவள், அபர்ணாவின் முகத்தைப் பார்க்காமல் கேரியரைத்தான் முதலில் பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை; ஆனால் கதவைத் திறந்து போட்டுவிட்டு உள்ளே போனாள். அபர்ணா எல்லாவற்றையும் சொன்னாள், கதிர்காமநாதன் சொன்னது உட்பட.

"வெடிச்சது என் பை. அதுல எனக்கு என்ன பங்கு இருக்கு?" என்றாள் ரத்னா.

"வெடிச்ச இடத்தைப் பாத்துதான் எங்க தாங்கணும்னு கத்துக்கிட்டோம். அதை யாரும் வெளியில சொல்லல. நான்தான் உன் பேரை எடுத்தேன். திட்டமே போயிடும்னு பயந்துட்டேன். உன்கிட்ட முன்னாடியே சொல்லவும் பயம். தப்புதான் டி."

"மூணு வருஷம் ஆச்சு."

"ஆமா."

"கேரியரை இப்பதான் கொடுக்கத் தோணிச்சா?"

"காலியா எப்படிக் கொடுக்கிறது."

ரத்னா மேலடுக்கைத் திறந்து, நின்றபடியே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். உப்பு கம்மி என்றாள். பிறகு உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டாள், சாப்பிட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. அபர்ணா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தரையைப் பார்த்து, சனிக்கிழமை ஒன்பது மணி என்றாள்.

சனிக்கிழமை தூறலாக இருந்தது. ஒன்பது மணிக்கு எல்லோரும் வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பசு முன்னால். கதிர்காமநாதன் கம்பளித் தொப்பியும் மப்ளருமாக நடுவில் நின்றார். எல்லோரையும் விட அவர் கை உயரத்தில் இருந்ததால் அந்த இடத்தில் வடம் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டிருந்தது. இழுத்தார்கள், இயந்திரம் வாசலில் வந்து உட்கார்ந்தது. பத்து மணிக்கு மறுபடி இழுத்தார்கள். போலீஸ்காரர் இன்னும் எவ்வளவு நேரம் சாலையை மறிப்பது என்று கேட்டார். ஹினே அவருக்குத் தேநீர் கொடுத்து உட்கார வைத்தார். பத்தரைக்கு பஸ்ஸிலிருந்து ரத்னா இறங்கினாள், குடை இல்லாமல். யாரிடமும் எதுவும் கேட்காமல் வடத்தின் கடைசியில் போய் நின்று பிடித்தாள். அபர்ணா தன் இடத்தை விட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றாள். இயந்திரம் எழும்பி, வாசலைத் தாண்டி, வெளியே தூறலுக்குள் வந்தது. யாரும் கத்தவில்லை. வைகாட்டோக்காரர்களில் ஒருவர் மட்டும், இத்தனை நேரம் எங்கேயம்மா போயிருந்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ரயில் ஓடவில்லை என்றாள் ரத்னா. அது உண்மைதான்.

மாசிக்குப் போகும் டான் பக் சாலையில் அன்று ஒரு தேரின் வேகத்தில்தான் போனார்கள். கதிர்காமநாதனுக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் நின்றார்கள். வேலிக்கு உள்ளிருந்து பார்த்தவர்கள் பசுவுக்குப் புல் கொடுத்தார்கள். மாசியில் அந்த வீட்டு வாசலில் கௌரி ஆரத்தித் தட்டோடு காத்துக்கொண்டிருந்தார். காலையிலேயே முற்றம் கழுவி, கும்பம் வைத்து, பசுவுக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்து வைத்திருந்தார். இயந்திரம் படியேறி, நிலைவாசலுக்கு முன்னால் வந்து, பொத்தென்று இறங்கி உட்கார்ந்தது.

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இனி யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அபர்ணா மனதுக்குள் எல்லோரையும் நினைத்துப் பார்த்துவிட்டு அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். கதிர்காமநாதன்தான் வடத்தை விடாமல் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.

"கௌரி, தட்டை வைச்சிட்டு வந்து வடத்தைப் பிடியும்."

"நானோ? நான் இதுக்கு என்ன செய்தனான்?"

"என்னை இவ்வளவு காலம் வைச்சிருந்தது நீர்தானே. நீர் வைச்சிருக்காட்டி இவங்கள் ஆருக்கு இதைச் செய்திருப்பாங்கள்? வாரும்."

அவர் அப்படியெல்லாம் பேசுகிற மனிதர் அல்ல. கௌரி என்ன செய்வதென்று தெரியாமல் தட்டை ஹினேயின் கையில் கொடுத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் வடத்தைப் பிடித்தார். இழுக்கவே இல்லை, பிடித்ததும் இயந்திரம் தானாக எழும்பி வீட்டுக்குள் போனது. தேர்முட்டிக்கு வந்த தேர் மாதிரி, கட்டிலுக்குப் பக்கத்தில் அவர்கள் குறித்து வைத்திருந்த இடத்தில் போய் நின்றது. அதன் பிறகு அந்த வீட்டில் அது வெறும் பதினொரு கிலோதான். கௌரி கூட்டும்போது ஒரு கையால் தூக்கித் தள்ளி வைப்பார்.

ராத்திரி தூங்கும்போதே இயந்திரம் ஓடியதால் பகலும் மாலையும் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தன. கௌரி காலை வேலைக்கு மாற்றிக்கொண்டார். முதல் நாள் இரவு இடியப்பமும் சொதியும். அவ்வளவு காலம் தட்டுகளோடு மட்டும் பேசிப் பழகியதால் என்ன கதைப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை, சொதிக்கு உப்புக் காணுமோ என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டார்களாம். லோஜனா போன் செய்தபோது ஒரே நேரத்தில் இரண்டு குரலும் கேட்டு, யாருக்கு என்ன ஆயிற்று என்று பயந்துபோனாள். அப்படி நாலு வருடம் சாப்பிட்டார்கள்.

இரண்டாவது இயந்திரமும் அப்படித்தான் இருந்தது, மூன்றாவதும் அப்படித்தான். சரி செய்ய வேண்டிய குறை என்று பேராசிரியர் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார், பிறகு அவரும் சனிக்கிழமைக்கென்று மழைக்கோட்டு வாங்கிவிட்டார். ஓர் இயந்திரம் முடிந்தால் ஒரு சனிக்கிழமை ஊர்வலம். கொண்டுபோகும் வீட்டில் நோயாளியை வைத்திருந்தவர்களும் கடைசியில் வந்து வடம் பிடிக்க வேண்டும். வெலிங்டனில் நேர்கோட்டுக் கதை கேட்கும் வழக்கத்தைக் கைவிட்டார்கள். இப்போது எந்தக் கூட்டுப்பணி ஆனாலும், இதில் தோற்றவர்கள் யார் யார், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ரத்னா கிடங்குக்குத் திரும்பி வந்துவிட்டாள், இன்னொரு பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். அது இதுவரை இரண்டு தடவை வெடித்திருக்கிறது. டிபன் கேரியர் மவுண்ட் ஆல்பர்ட்டுக்கும் அபர்ணா வீட்டுக்குமாகப் போய்வருகிறது. வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். ஒரு நாட்டுக்காரர்கள் வடத்தில் ஒரு துண்டு வெட்டி ஆராய்ச்சிக்குக் கொண்டுபோனார்கள். அது நல்ல பாய்மரக் கயிறு என்று பதில் வந்தது.

இறந்தவர்கள் விஷயத்தில் இயந்திரம் பிடிவாதம் பிடிப்பதில்லை. பசு போனபோது, முன்னால் ஒரு கை இடம் விட்டுப் பிடித்தார்கள், போதுமாக இருந்தது. கதிர்காமநாதன் போன வருடம் இலையுதிர் காலத்தில், இராச்சாப்பாடு முடிந்து, வாய் கொப்பளித்துவிட்டு வந்து படுத்த இடத்தில், தூக்கத்தில் போனார். அவருடைய இயந்திரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார் கௌரி. அது புறப்பட்ட சனிக்கிழமை கௌரியும் வந்தார். நடுவில் தன் பழைய இடத்தில் நின்று, பக்கத்தில் ஒரு கை இடம் விட்டு வடத்தைப் பிடித்தார். அந்த இடத்துக்கு இந்தப் பக்கம் கௌரி, அந்தப் பக்கம் ரத்னா, இரண்டு பேருமே உயரம் குறைந்தவர்கள். ஆனாலும் அங்கே மட்டும் வடம் தூக்கிக்கொண்டு நின்றது, ஆறடிக்கு மேல் உயரமான ஒருவர் பிடித்திருப்பது போல. போலீஸ்காரர் சாலையை மறித்தார். கௌரி ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, மெல்ல நடவுங்கோ, மூச்சு வாங்கப் போகுது என்றார். எல்லோரும் மெல்லவே நடந்தோம்.